கணப்பு எந்தச் சுவரில் வர வேண்டும்? கூரையிலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள்

வீட்டு வரைபடம் போடுவது என் தொழில். கணப்பு வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் சுவரையும் முடிவு செய்துகொண்டே வருவார்கள். கூடத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவராகத்தான் அது இருக்கும். நான் மறுப்பதில்லை. ‘அந்தச் சுவருக்கு நேர் மேலே மாடியில் என்ன இருக்கிறது?’ என்று மட்டும் கேட்பேன். குழந்தையின் கட்டிலோ குளியலறைக் கதவோ இருக்கும் இடத்தைத் துளைத்துக்கொண்டு புகைபோக்கி போகும் என்று தெரிந்ததும், அவர்களே பென்சிலை எடுத்து வேறு சுவர் தேடத் தொடங்கிவிடுவார்கள். விறகு எரிக்கும் கணப்பில் இடத்தைத் தீர்மானிப்பது புகைபோக்கிதான். கீழே நாம் அழகுபார்க்கும் தீப்பெட்டகம் அதன் அடிப்பகுதி, அவ்வளவே.

காரணம் எளிது. சூடான காற்று லேசாகி மேலே போகும். புகைபோக்கி வேலை செய்வது இதனால்தான். ஆனால் குளிர்காலத்தில் வீடும் இதே வேலையைச் செய்கிறது. உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மாடி ஜன்னல் இடுக்கு, கூரை இடுக்கு வழியாக வெளியேறி, கீழிருந்து காற்றை இழுக்கும். வீடு உயரமாகவும் புகைபோக்கி குட்டையாகவும் இருந்தால் இந்தப் போட்டியில் வீடுதான் ஜெயிக்கும். அப்படிப்பட்ட கணப்பில், தீ மூட்டாத நேரத்தில் உள்ளே கையை நீட்டினால் மணிக்கட்டில் சில்லென்று காற்று இறங்குவது தெரியும். அந்த நிலையில் தாளைக் கொளுத்தினால் முதல் புகை நேராக அறைக்குள்தான் வரும். இரண்டு மாடி வீட்டில், பக்கவாட்டில் ஒட்டிக் கட்டிய ஒற்றை மாடி அறையில் கணப்பு வைப்பவர்கள் இந்தத் தொல்லையை விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

அதனால் என் முதல் தேர்வு எப்போதும் வீட்டின் உள்சுவர், கூரை முகட்டுக்குப் பக்கத்தில் வெளிவரும்படி. உள்ளே ஓடும் புகைபோக்கி வீட்டுச் சூட்டிலேயே வெதுவெதுப்பாக இருக்கும். தீ மூட்டியதும் இழுக்க ஆரம்பித்துவிடும். வெளிச்சுவரில் இருப்பதோ மூன்று பக்கமும் குளிரில் நிற்கும். உள்ளே புகை ஆறிப்போய், தார் போன்ற கரிப்பிசின் சுவரில் படியும். அதுதான் பின்னொரு நாள் புகைபோக்கிக்குள் தீப்பிடிக்கக் காரணமாகிறது. வெளிச்சுவரைத் தவிர வழியில்லை என்றால், புகைக்குழாயைச் சுற்றி வெப்பக்காப்பு வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

உயரத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது: கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, அதோடு, 10 அடி தூரத்துக்குள் கூரையில் இருக்கும் எதையும்விட 2 அடி உயரம். உங்கள் ஊர்க் கட்டட விதி இதைவிடக் கூடுதலாகக் கேட்டால் அதன்படியே போங்கள். சரிவான கூரையில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், முகட்டுக்கு அருகே ஒரு குட்டைத் தூண் போதும். கூரை சரிந்து முடியும் கீழ் ஓரமான இறவாணத்துக்குப் பக்கத்தில் வந்தால் அதே புகைபோக்கி நெடுநெடுவென்று தனியே நிற்க வேண்டியிருக்கும். பார்க்கவும் நன்றாக இருக்காது. நடுவில் வளைத்துக் கொண்டுபோகலாமே என்பார்கள். போகலாம், ஆனால் செங்குத்திலிருந்து 30 பாகைக்கு மேல் சாய்க்காதீர்கள்.

அப்புறம் அறைக்குள் காற்று எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். நினைத்திருக்கும் இடத்தில் முழங்கால் உயரத்தில் ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். ஜன்னல்களை மூடிவிட்டுச் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். வாசல் கதவைத் திறந்து மூடுங்கள். புகை நேராக எழுந்தால் நல்லது. சமையலறைப் பக்கம் படுத்துக்கொண்டு ஓடினால், நாளைக்கு விறகுப் புகையும் அப்படித்தான் ஓடும். அந்தப் புகையோடு கார்பன் மோனாக்சைடும் வரும்; அதற்கு வாசனையே கிடையாது. எங்கே வைத்தாலும் அதற்கான அலாரம் ஒன்று வீட்டில் இருக்கட்டும். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து நேராகக் கொண்டுவரும் குழாய்க்கும் வரைபடத்திலேயே இடம் விட்டுவிடுங்கள்.

இந்த இரண்டும் சரியாக வந்த பிறகே அறையின் அழகு. ஒரு சாக்பீஸ் எடுத்துத் தரையில் கணப்பின் வாயை வரையுங்கள். அதற்கு முன்னால் 16 அங்குலம், இருபக்கமும் 8 அங்குலம் கல்லோ ஓடோ பதித்த தரை வேண்டும். வாயின் பரப்பு 6 சதுர அடியோ அதற்கு மேலோ என்றால் 20-ம் 12-ம். நாற்காலி, திரைச்சீலை, கம்பளம் எல்லாம் தீயிலிருந்து 3 அடி தள்ளி. இவ்வளவையும் வரைந்து முடித்தால் சின்ன அறையில் மிச்சம் என்ன என்று தெரிந்துவிடும். திறந்த கணப்பின் சூடு பெரும்பாலும் கதிர்வீச்சாக, நேர்கோட்டில் வருவது. தீ கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உட்கார்ந்தால்தான் உடம்பில் படும். வெப்பத்தை ஆராய்ந்த விஞ்ஞானி கவுன்ட் ரம்ஃபோர்டு 1796-ல் கணப்பின் ஆழத்தைக் குறைத்துப் பக்கச் சுவர்களை விரித்துச் சாய்க்கச் சொன்னதும் இதற்காகத்தான். ஆகவே சோபா போடும் இடத்தில் உட்கார்ந்து, சாக்பீஸ் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். வாசலிலிருந்து சமையலறைக்குப் போகிறவர்கள் உங்களுக்கும் தீக்கும் நடுவே நடக்க வேண்டியிருந்தால், வேறு சுவர் தேடுங்கள்.

டிவியைக் கணப்புக்கு மேலே மாட்டுவது எனக்குப் பிடிக்காது. சூடு டிவிக்கு ஆகாது, அண்ணாந்து பார்ப்பது கழுத்துக்கு ஆகாது. பக்கத்துச் சுவர் போதும். மூலையில் கணப்பு வைத்தால் சுவர் மிச்சமாகும், ஆனால் நாற்காலிகளை எப்படிப் போட்டாலும் கோணலாகத்தான் நிற்கும்.

செங்கல் கணப்பு டன் கணக்கில் எடை கொண்டது, தனி அஸ்திவாரம் கேட்கும். மாடியில் அதை மறந்துவிடுங்கள். புகைபோக்கி வீட்டுக்குள் மர உத்தரத்தைக் கடக்கும் இடத்தில் 2 அங்குல இடைவெளி விட வேண்டும். விறகு எந்தக் கதவு வழியாக உள்ளே வரும், சாம்பல் எந்த வழியாக வெளியே போகும் என்றும் யோசியுங்கள். வெள்ளைக் கம்பளத்தைத் தாண்டித்தான் என்றால் கொஞ்ச நாளில் தீ மூட்டுவதே நின்றுவிடும்.

கேஸ் கணப்பில் கணக்கு தலைகீழ். மூடிய கண்ணாடியோடு, சுவர் வழியே காற்றை இழுத்துப் புகையையும் வெளியே விடும் வகைக்கு வெளிச்சுவரே வசதி. மின்சாரக் கணப்புக்குப் புகையே இல்லை; படுக்கையறையில்கூட வைக்கலாம். ஆனால் பெரும்பாலானவை 1500 வாட் அளவில்தான், பெரிய கூடத்தைச் சூடாக்காது. பிளக்கைத் தனி சர்க்யூட்டில் கொடுங்கள்.

பழைய வீட்டில் மூடிக்கிடக்கும் கணப்பு ஒன்று இருந்தால், புது இடம் தேடும் முன் அதைத் திறந்து பாருங்கள். அஸ்திவாரமும் கூரைத் துளையும் ஏற்கெனவே இருக்கின்றன. புகைபோக்கி சுத்தம் செய்பவரை அழைத்துக் கேமரா இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பதித்த ஓடு விரிசல் விட்டிருந்தால் பல சமயம் எஃகுக் குழாய் இறக்கிச் சரிசெய்துவிடலாம். அதுவரை உள்ளே ஒரு காகிதம்கூடக் கொளுத்த வேண்டாம்.