பனியன் ஆர்டருக்கு நூல் கணக்குப் போடுவது

திருப்பூரில் நூல் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். 10,000 டி-ஷர்ட் ஆர்டர், பீஸுக்கு 200 கிராம் துணி என்று வையுங்கள். ரிஜெக்‌ஷனுக்கு 3% சேர்த்தால் 10,300 பீஸ். சாயம் முடிந்த துணி 2,060 கிலோ. சாயப்பட்டறையில் 7% எடை குறையும் என்றால் 2,060-ஐ 0.93-ஆல் வகுங்கள்: 2,215 கிலோ கிரே துணி, அதாவது சாயம் ஏறாத துணி. நிட்டிங்கில் (நூலைத் துணியாகப் பின்னுவதில்) கழிவு 1%, அதற்கு 0.99-ஆல் வகுத்தால் 2,237 கிலோ நூல். 50 கிலோ மூட்டையில் 45.

பலர் 7-ஐயும் 1-ஐயும் கூட்டி 2,060-உடன் 8% சேர்த்துவிடுவார்கள். கிட்டத்தட்ட 12 கிலோ குறையும். அந்த 12 கிலோவுக்காக வேறு லாட் (மில்லின் வேறு தயாரிப்புத் தொகுதி) நூல் வாங்கினால், சாயம் ஏறியதும் துணியில் பட்டை பட்டையாகத் தெரியும். கிரேயில் கண்ணுக்கே படாது, அதுதான் வம்பு. ஒரு கலருக்கு ஒரே லாட். நிட்டிங்குக்கு அனுப்பும் சலானில் லாட் எண்ணை எழுதுங்கள்.

இழப்பு சதவீதம் கலருக்குக் கலர் மாறும். பழைய ஆர்டர்களில் அனுப்பிய எடையையும் திரும்பி வந்த எடையையும் பார்த்து உங்கள் எண்ணைப் போடுங்கள். ஸ்டாக் பார்க்கும்போது குடோனோடு நிற்காதீர்கள். ஜாப் ஒர்க்கில், அதாவது நிட்டிங், சாயம் போன்ற வேலைக்கு வெளியே கொடுத்த இடத்தில் கிடப்பதும் உங்கள் சரக்குதான்.