மூச்சு வாங்கும் இடமெல்லாம் காற்புள்ளி இல்லை

ஆங்கிலத்தில் காற்புள்ளி எங்கே வைப்பது என்று கேட்டால், "வாசிக்கும்போது மூச்சு வாங்கும் இடத்தில்" என்றுதான் நம்மில் பலர் கற்றிருக்கிறோம். தொல்லை அங்கேயே தொடங்குகிறது. உங்கள் மூச்சின் நீளம் வேறு, என்னுடையது வேறு. வாக்கியம் எங்கே மூட்டுப் போடப்பட்டிருக்கிறது என்று பார்த்து வைத்தால் பாதி குழப்பம் தீரும்.

தனித்து நிற்காமல் முதன்மை வாக்கியத்தைச் சார்ந்து நிற்கும் துணை வாக்கியம் முன்னால் வந்தால், அது முடியும் இடத்தில் காற்புள்ளி வேண்டும். தமிழில் 'அழைத்தபோது' என்ற சொல்லே துணை வாக்கியம் முடிந்ததைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தின் 'வென்' தொடக்கத்தை மட்டுமே காட்டும். முடிவைக் காட்ட ஆள் இல்லை. 'வென் தி டாக்டர் கால்ட் தி பேஷன்ட் வாஸ் ஸ்லீப்பிங்' என்று எழுதிப் பாருங்கள். மருத்துவர் நோயாளியை அழைத்தார் என்று எண்ணிக்கொண்டே வருபவர், 'வாஸ்' என்ற சொல்லில் முட்டிக்கொள்வார். 'கால்ட்' என்பதை அடுத்து ஒரு காற்புள்ளி வைத்தால், அழைப்பு வந்தபோது நோயாளி தூங்கிக்கொண்டிருந்தது விளங்கிவிடும். இதையே திருப்பி, 'தி பேஷன்ட் வாஸ் ஸ்லீப்பிங் வென் தி டாக்டர் கால்ட்' என்று எழுதினால் 'வென்' நடுவில் நின்று எல்லையைக் காட்டுகிறது. காற்புள்ளிக்கு அங்கே வேலை இல்லை. 'ஆல்தோ' போல முரணைச் சொல்லும் சொற்கள் மட்டும் பின்னால் வந்தாலும் பெரும்பாலும் காற்புள்ளி கேட்கும்.

அடுத்தது, தனித்து நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டுவது: 'ஐ வாஸ் டயர்ட், ஐ வென்ட் டு பெட்'. தமிழில் இப்படி அடுக்கினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆங்கில ஆசிரியர் சிவப்பு மையை எடுத்துவிடுவார். முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வையுங்கள், அல்லது காற்புள்ளிக்குப் பின் 'ஸோ' சேருங்கள். 'ஹவ்எவர்' இந்த வேலைக்கு ஆகாது. அது இணைப்புச் சொல் அல்ல. அதற்கு முன்னால் அரைப்புள்ளியாவது வேண்டும்.

பொருளையே புரட்டிவிடும் தவறு 'ஹூ', 'விச்' வரும் இடத்தில் நடக்கிறது. 'தி பாசெஞ்சர்ஸ் ஹூ ஹேட் டிக்கெட்ஸ் வேர் அலௌட் இன்' என்றால், டிக்கெட் வைத்திருந்தவர்களை மட்டும் உள்ளே விட்டார்கள். 'பாசெஞ்சர்ஸ்', 'டிக்கெட்ஸ்' இரண்டுக்கும் பின்னால் காற்புள்ளி வைத்தால், எல்லாப் பயணிகளிடமும் டிக்கெட் இருந்தது, எல்லோரும் உள்ளே போனார்கள் என்றாகிவிடும். 'டிக்கெட் வைத்திருந்த பயணிகள்' என்ற நம் தொடர் இரண்டுக்கும் இடம் கொடுப்பதால், இந்த வேறுபாடு நம் கண்ணில் எளிதில் படுவதில்லை. முதல் காற்புள்ளியை வைத்துவிட்டு இரண்டாவதை மறப்பவர்களும் உண்டு. அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூடாமல் போவது போன்றது அது. 'தட்' என்று தொடங்கும் துணை வாக்கியத்துக்கு இந்த வேலி பொதுவாகத் தேவையில்லை. 'ஹி செட் தட்' என்பதற்குப் பிறகும் காற்புள்ளி கூடாது. எழுவாய் எவ்வளவு நீண்டாலும், அதற்கும் பயனிலைக்கும் நடுவே ஒற்றைக் காற்புள்ளியைச் செருகக் கூடாது.

'பிகாஸ்' பின்னால் வந்தால் காற்புள்ளி வேண்டாம் என்று மனப்பாடம் செய்தவர்கள், எதிர்மறை வாக்கியத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 'ஹி டிட் நாட் ரிஸைன் பிகாஸ் ஹி வாஸ் அஃப்ரெய்ட்': பயந்துபோய் பதவியிலேயே ஒட்டிக்கொண்டாரா, விலகினாலும் அதற்குக் காரணம் பயம் இல்லையா? காற்புள்ளி இருந்தால் முதல் பொருள். இல்லாவிட்டால் பெரும்பாலும் இரண்டாவது. ஒருவருடைய பெயர் கெடக்கூடிய இந்த இடத்தில் மட்டும் நான் காற்புள்ளியை நம்புவதில்லை. வாக்கியத்தையே மாற்றி எழுதிவிடுவேன்.