தோட்ட மருத்துவ வரலாறு தேட, ஊரின் பழைய பெயர்

மலாயாத் தோட்டத் தொழிலாளர்களின் மருத்துவ வரலாற்றில் ஆய்வு செய்யும் மாணவர்களே, சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளமான நியூஸ்பேப்பர்எஸ்ஜியில் ஊரின் பழைய பெயரைப் போட்டுத் தேடுங்கள். தெலுக் இந்தானுக்குத் தெலுக் ஆன்சன், போர்ட் கிள்ளானுக்கு போர்ட் சுவெட்டன்ஹாம். கூடவே மலேரியா என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் போதும், பழைய செய்திகள் இலவசமாகவே வரும். அன்று அச்சான எழுத்தைத்தான் தேடல் பார்க்கிறது. தெலுக் இந்தான் என்ற பெயரோ 1982-இல்தான் வந்தது. 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்து மலேரியாவை அடக்கத் தொடங்கியது ஒன்றே அருமையான தலைப்பு. ஆனால் டிரஸ்ஸர் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) என்ன மருந்து கொடுத்தார், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) யார் பிரசவம் பார்த்தார் என்பதெல்லாம் இதில் அரிது. அதற்கு ஊர்ப் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும், தள்ளிப்போடாமல்.