ஹார்ப் ஸ்பாஞ்சை வீடியோவுல எப்படி கண்டுபிடிக்கிறது

கலிபோர்னியா பக்கம் எடுத்த ஆழ்கடல் ரோபோ வீடியோல சேத்துல நட்டு வச்ச யாழ் மாதிரி ஒண்ணு தட்டுப்பட்டா உடனே ஹார்ப் ஸ்பாஞ்ச்னு (ஆழ்கடல் தரைல வாழுற, கறி திங்குற ஒரு கடற்பஞ்சு) ஸ்கிரீன்ஷாட் அனுப்பிடாதீங்க, நான் அப்படித்தான் ஒரு கடல்பேனாவ (இறகுப் பேனா மாதிரி இருக்குற, பவளத்தோட சொந்தக்கார உயிர்) குரூப் பூரா அனுப்பி அசிங்கப்பட்டேன்.

மொதல்ல ஸ்கிரீன் ஓரத்துல ஓடுற ஆழத்த பாருங்க. காண்ட்ரோகிளாடியா லைரா (இதான் ஹார்ப் ஸ்பாஞ்சோட அறிவியல் பேரு) கலிபோர்னியால இருக்குற மான்டெரே கடல் ஆராய்ச்சிக்காரங்களுக்கு கிடைச்சது 3300லேர்ந்து 3500 மீட்டர்ல, 2012லதான் பேரே வச்சாங்க, அதுவும் கைல கிடைச்ச ரெண்டே பீஸையும் வீடியோல பாத்த பத்து பீஸையும் வச்சு. 400 மீட்டர்னு காட்டுச்சுன்னா அது அநேகமா வேற ஏதோ.

அப்புறம் பாஸ் பண்ணி, நடுவுலேர்ந்து படுக்கையா கிளம்புற தண்டுங்கள எண்ணுங்க, ரெண்டுலேர்ந்து ஆறு வரைக்கும் இருக்கும். ஒவ்வொண்ணு மேலயும் சீப்பு பல்லு மாதிரி வரிசையா கம்பிங்க நிக்கணும், கம்பி நுனில குட்டி உருண்டை இருக்கணும். விந்து பொட்டலம் அந்த உருண்டைலதான் உருவாகுது, முட்டை முத்துறது கம்பி நடுவுல லேசா உப்பின இடத்துல. உருண்டை, உப்பல் ரெண்டும் தெரிஞ்சா கிட்டத்தட்ட அதேதான். உருண்டைங்க வரிசை இல்லாம ஒத்தைத் தண்டுலேர்ந்து பல்பு பல்பா தொங்குதுன்னா அது இதோட சொந்தக்காரன், பிங்பாங் ஸ்பாஞ்ச்.

கடல்பேனாவ கழிக்கணும்னா ஜூம் பண்ணுங்க, அதுல பூ மாதிரி எட்டு கை வச்ச குட்டி உயிருங்க ஒட்டியிருக்கும். ஸ்பாஞ்ச்ல அது கிடையாது, கண்ணுக்குத் தெரியாத கொக்கிங்கதான். நாயுருவி விதை வேட்டில ஒட்டுற மாதிரி, மிதந்து வர்ற குட்டி இறால் ஜாதி ஐட்டம்லாம் அதுல மாட்டிக்கும், அப்புறம் மெல்லிசா ஒரு சவ்வு வளந்து மூடி அப்படியே செரிச்சிடும். ஸ்பாஞ்ச் கறி திங்குதுன்னு 1995ல ஒரு மத்தியதரைக்கடல் குகை ஸ்பாஞ்ச வச்சுத்தான் உலகத்துக்கே தெரிஞ்சுது.

இவ்ளோ பாத்தாலும் வீடியோல ‘இருக்கலாம்’னுதான் சொல்ல முடியும். உறுதி பண்றது லேப் வேலை: சின்ன துண்ட ப்ளீச்ல போட்டா சதை கரைஞ்சு, அதோட எலும்புக்கூடு மாதிரி இருக்குற கண்ணாடி ஊசிங்க மட்டும் அடில தங்கும், அத நாலஞ்சு தடவ தண்ணில அலசி, ஊசிங்களோட வடிவத்த பாக்க மைக்ராஸ்கோப்ல வைப்பாங்க. கரைல ஒதுங்கின செத்த ஸ்பாஞ்ச வச்சு வீட்லயே பழகலாம். கிளவுஸ் போடுங்க, ஜன்னல தொறந்து வைங்க, ப்ளீச் பக்கத்துல ஆசிட் பாட்டிலே இருக்கக்கூடாது, கலந்தா குளோரின் வாயு வரும். குளிக்கிற ஸ்பாஞ்ச் ஜாதியா இருந்தா மொத்தமும் கரைஞ்சு போயிடும், அதுல ஊசியே கிடையாது.