கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் நூற்கட்டைப் பார்ப்பது எப்படி: கோலாலம்பூரில் ஒரு வழிகாட்டி

பழைய நூல்களைக் காட்சிக்கு வைத்த இடங்களில் பெரும்பாலோர் திறந்திருக்கும் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுகிறார்கள். பொன் மையில் எழுதிய எழுத்து கண்ணை இழுத்துவிடுகிறது. அந்த ஏடுகள் இத்தனை காலம் சிதறாமல் இருந்ததற்குக் காரணம் நூற்கட்டு, அதாவது தாள்களைத் தைத்து அட்டை போட்ட விதம். அது முதுகிலும் விளிம்பிலும்தான் தெரியும். அதைப் பார்க்கக் குனிய வேண்டும், நேரமும் ஒதுக்க வேண்டும்.

கோலாலம்பூரில் இதற்குத் தகுந்த இடங்கள் இரண்டு. மஸ்ஜித் நெகாரா என்ற தேசியப் பள்ளிவாசலுக்கு அருகில், 1998இல் திறக்கப்பட்ட இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் குர்ஆன் பிரதிகளுக்கும் கையெழுத்துச் சுவடிகளுக்கும் தனிக் கூடமே உண்டு. பசார் செனி நிலையத்திலிருந்து நடந்து போகலாம். கோமுட்டர் ரயிலில் வருகிறவர்கள் பழைய கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் இன்னும் பக்கம். இரண்டாவது, ஜாலான் துன் ரசாக்கில் தெங்கோலோக் தலைப்பாகை வடிவக் கூரையோடு நிற்கும் தேசிய நூலகம். எம்ஆர்டி ரயிலில் வந்தால் ஹாஸ்பிட்டல் கோலாலம்பூர் நிலையம். 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்த ஹிக்காயாட் ஹங் துவா என்ற மலாய் வீரகாவியத்தின் சுவடிகள் இங்கேதான் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். முதலில் அருங்காட்சியகம், கண் பழகிய பிறகு நூலகம்.

வெள்ளைச் சட்டை வேண்டாம். கண்ணாடியில் உங்கள் சட்டையே பளிச்சென்று பிரதிபலித்து, உள்ளே இருப்பதை மறைத்துவிடும். கறுப்போ கருநீலமோ அணியுங்கள். தோலும் மையும் வெளிறாமல் இருக்க இத்தகைய கூடங்களில் வெளிச்சத்தைப் பொதுவாக 50 லக்ஸ் அளவுக்குக் குறைத்து வைப்பார்கள். வெளி வெயிலிலிருந்து நேரே உள்ளே போனால் முதல் சில நிமிடம் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும். அந்த நேரத்தில் ஒன்றையும் ஆராயாமல் கூடத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பூதக்கண்ணாடி இங்கே பயன்படாது. நூலுக்கும் உங்களுக்கும் இடையே இடைவெளி அதிகம். ஒரு முழ தூரத்தில் குவியக்கூடிய சின்ன ஒற்றைக்கண் தொலைநோக்கி இருந்தால் தையல் நூலின் முறுக்குவரை தெரியும். குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும். ஃபிளாஷும் டார்ச்சும் கூடாது.

இனி நூலுக்கு வருவோம். இஸ்லாமிய மரபில் கட்டிய நூல் என்றால் முதலில் மடலைத் தேடுங்கள். பின்னட்டையோடு சேர்ந்து, முனை கூம்பிய ஒரு துண்டு இருக்கும். நூலை மூடும்போது அது தாள்களின் திறந்த விளிம்பைச் சுற்றி வந்து முன்னட்டைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்து, அட்டையின் ஓரத்தையும் தாளின் ஓரத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கும். இந்த நூல்களைப் படுக்கவைத்தே அடுக்கினார்கள். அதனால் அட்டை தாளைவிட நீண்டிருக்கத் தேவையில்லை. முதுகு தட்டையாக இருக்கும். அதன் மேல் முனையிலும் கீழ் முனையிலும் இரண்டு நிற நூலால் பின்னிய பட்டையைக் கவனியுங்கள். அழகுக்காக மட்டும் பின்னியதல்ல அது. சில தாள்களாகச் சேர்த்து மடித்த மடிப்புகளை முதுகோடு இறுக்கிப் பிடிப்பதும் அதுதான். முதலில் பழுதாவது மடல் மடங்கும் கோடு, ஏனென்றால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தோல் அங்கேதான் வளைகிறது.

பின்னாளில் யாராவது அந்த நூலை ஐரோப்பிய முறையில் மாற்றிக் கட்டியிருந்தால் அதுவும் தெரிந்துவிடும். மடல் காணாமல் போயிருக்கும். தாளை மறுபடி வெட்டிச் சீராக்கியிருப்பதால் ஓரக் குறிப்புகளின் எழுத்துகள் பாதியில் அறுபட்டு நிற்கும். இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்துகொண்டால் விளக்கப் பலகை சொல்லாத வரலாற்றையும் நீங்களே வாசிக்கலாம்.

ஐரோப்பிய முறையில் கட்டிய நூலில் முதுகுக்குக் குறுக்கே புடைத்த வரிகள் இருக்கும். மடிப்புகளைத் தைத்துக் கட்டிய கயிறுகள் அவை. ஆனால் 19ஆம் நூற்றாண்டு நூல்களில் பல வரிகள் அலங்காரத்துக்காக ஒட்டியவை. திறந்து வைத்த நூலை மேல் முனையிலிருந்து பாருங்கள்: தாள்களுக்கும் முதுகுத் தோலுக்கும் நடுவே குழல் மாதிரி இடைவெளி தெரிந்தால் புடைப்பு பெரும்பாலும் போலி. அட்டை தாளைவிட 3 மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே நீண்டிருக்கும். நிறுத்திவைத்த கனமான நூலில் அந்த 3 மில்லிமீட்டர்தான் வினை. தாள்கள் தங்கள் எடையாலேயே கீழே தொங்கி, முதுகின் மேற்பகுதியை இழுத்துக் கிழிக்கின்றன.

எங்கேயாவது ஓலைச்சுவடி வைத்திருந்தால் துளையைப் பாருங்கள். நம் சுவடிகளில் ஒரு துளையில் நாராசம் என்ற கம்பியைச் செருகி, மற்றதில் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச் சட்டம் வைத்துக் கட்டுவார்கள். ஓலை தேய்ந்து கிழிவது பெரும்பாலும் அந்தத் துளையைச் சுற்றித்தான்.

தேசிய நூலகத்தில் சுவடி பார்க்கப் போகிறவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு, மைகாட் அடையாள அட்டையோடு போங்கள். நூற்கட்டு எப்படி இருக்கிறது என்று பார்க்கவே வருகிறேன் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மலாயில் எழுதினால் ‘பென்ஜிலிடான்’ என்று குறிப்பிடுங்கள். சொல்லாவிட்டால் மின்நகலையோ நுண்படத்தையோ காட்டி முடித்துவிட வாய்ப்புண்டு, அவற்றில் முதுகு தெரியாது. வெள்ளிக்கிழமை வேண்டாம். தொழுகை நேர இடைவேளையில் நடுப்பகல் போய்விடும்.

வீடு திரும்பியதும் அலமாரியில் இருக்கும் பழைய தமிழ் நூல்களை எடுத்துப் பாருங்கள். பாட்டி வைத்திருந்த தேவாரத் திரட்டு, கோயில் திருவிழா மலர், பள்ளி ஆண்டு மலர் எதுவானாலும் முதலில் தாள்களைச் சேர்த்து அடித்த கம்பிப் பின்னைத் தேடுங்கள். நம் ஊர் ஈரத்தில் இரும்புப் பின் துருப்பிடித்து, சுற்றியுள்ள தாளைப் பழுப்பாக்கி, கடைசியில் ஓட்டையாக்கிவிடும். நடு மடிப்பில் பின் அடித்த சிறு நூலென்றால் நீங்களே சரிசெய்யலாம். நடுப்பக்கத்தைத் திறந்து, பின்னின் கால்களுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகி, மழுங்கிய கத்தியால் கால்களை ஒவ்வொன்றாக நிமிர்த்துங்கள். பிறகு முதுகுப் பக்கமிருந்து பின்னை எடுங்கள். துரு தாளோடு ஒட்டியிருந்தால் இழுக்காமல் காலை நறுக்கிவிடுங்கள். அதே இரண்டு துளைகளில் பருத்தி நூலை உள்ளிருந்து வெளியே விட்டு, மறு துளை வழியாக உள்ளே கொண்டுவந்து, உட்பக்கம் முடிச்சுப் போட்டு 1 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். நைலான் நூல் வேண்டாம், அது தாளை அறுக்கும். செலோடேப்பும் வேண்டவே வேண்டாம். சில ஆண்டுகளில் நாடா உதிர்ந்துபோகும், அதன் பசைக் கறை மட்டும் தாளில் ஊறி நிற்கும்.