ஆண்டிலோப் தீவில் குடும்பத்தோடு ஒரு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கிரேட் சால்ட் ஏரியிலேயே பெரிய தீவு இது. படகு தேவையில்லை, காரிலேயே போய்விடலாம். பலர் வாசலுக்கு அருகிலுள்ள ஏரிக்கரையிலேயே பாதி நாளைச் செலவழித்துவிட்டு, நல்ல வெயிலில் களைத்துப்போய்த் தீவிலுள்ள பழைய கால்நடைப் பண்ணைக்குப் போகிறார்கள். நீங்கள் முதலில் பண்ணைக்குப் போங்கள். நாள் முழுக்க நன்றாக அமையும்.

முதலில் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை கண்ணுக்கே தெரியாத கடிப்பூச்சிகள் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும். கைக்குழந்தையோடு அப்போது போகவே வேண்டாம். செப்டம்பர், அக்டோபர் அருமை.

கிளம்பும் முன் பெட்ரோல், குடிநீர், சாப்பாடு மூன்றையும் நிரப்பிக்கொள்ளுங்கள். சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஐ-15 நெடுஞ்சாலையில் வடக்கே வந்து, 332-ஆம் எண் வெளிவழியில் இறங்கி நேர் மேற்கே போனால் கட்டணச் சாவடி வரும். அப்புறம் ஏரியின் குறுக்கே சுமார் 11 கிலோமீட்டர் கரைச்சாலை. 2022-இல் ஏரி இதுவரை இல்லாத அளவுக்கு வற்றியது. தண்ணீர் குறைந்த காலங்களில் இருபுறமும் வெள்ளை உப்புத் தரைதான் தெரியும்.

தீவுக்குள் வந்ததும் கிழக்குக் கரைச் சாலையில் தெற்கே திரும்புங்கள். காலையில் விலங்குகளைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. 1893-இல் 12 காட்டெருமைகளை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். இன்று பல நூறு மேய்கின்றன. பிராங்ஹார்ன் மான்களும், ஓநாய் போன்ற கொயோட்டிகளும்கூடக் கண்ணில் படலாம். காட்டெருமை சாலையோரம் நின்றால் காரை விட்டு இறங்காதீர்கள், பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் சரி. அசையாமல் படுத்திருப்பது சட்டென எழுந்து மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். வாலை மேலே தூக்கினால் அது கோபத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

சாலையின் கோடியில்தான் அந்தப் பண்ணை, ஃபீல்டிங் கார் என்பவரின் பெயரில் உள்ளது. இங்கே அவசரப்படாதீர்கள். 1848-இல் மார்மன் என்ற கிறிஸ்தவ சபையின் மந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த ஃபீல்டிங் கார், சுடாத மண் செங்கல்லால் கட்டிய வீடு இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. 1981-இல் மாநில அரசு வாங்கும் வரை அதில் ஆட்கள் குடியிருந்தார்கள். பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: சுற்றிலும் உப்பு ஏரி, இத்தனை மாடுகள் எதைக் குடித்தன? விடை பக்கத்திலேயே இருக்கிறது. தீவின் கிழக்குச் சரிவில் நன்னீர் ஊற்றுகள் சுரக்கின்றன. பண்ணையும் அதைச் சுற்றியுள்ள உயர்ந்த மரங்களும் அந்தத் தண்ணீரால் வந்தவை. மரக்கிளைகளை நிதானமாகப் பாருங்கள், கொம்பு ஆந்தை உட்கார்ந்திருக்கலாம். பெரிய கொட்டகையில் செம்மறி ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்த இடத்தையும் காட்டுங்கள். இங்கே மாடுகளுக்குப் பின் ஆடுகள்தான் பெரிய தொழில்.

மரநிழலில் சாப்பிட்டுவிட்டு, வந்த வழியே வடக்கே திரும்புங்கள். நடக்கத் தெம்பிருந்தால் பஃபலோ பாயிண்ட் ஏற்றம் சிறியதுதான். மேலே ஏரி பரந்து விரிந்து தெரியும்.

கடைசியில் பிரிட்ஜர் பே கரை. அங்குள்ள மணலைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் உருண்டை மணியாக இருக்கும். தண்ணீர் போதுமான ஆழத்தில் இருந்தால், அதிலுள்ள உப்பினால் நீச்சல் தெரியாதவர்கூட மிதக்கலாம். காலில் கீறல் இருந்தால் மட்டும் இறங்காதீர்கள், எரிச்சல் தாங்காது. மேலே உள்ள குளியல் குழாயில் உப்பு போகக் கழுவிய பிறகே பிள்ளைகளைக் காரில் ஏற்றுங்கள்.