இருட்டில் சைக்கிளும் நடையும்: விளக்கை எங்கே மாட்டுவது, எப்படிச் சாய்ப்பது

பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் லுமென் எண்ணை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். விளக்கிலிருந்து மொத்தம் எவ்வளவு ஒளி வருகிறது என்பது மட்டுமே அதில் தெரியும். அந்த ஒளி எங்கே விழுகிறது, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சைக்கிளுக்கு முதல் விளக்கு ஹேண்டில்பாரில்தான். நெற்றி விளக்கு கண்ணை ஒட்டியே இருப்பதால், கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே மறைந்துவிடும். மேடும் பள்ளமும் தட்டையாகத் தெரியும். ஹேண்டில்பார் விளக்கு தாழ்வாக அடிப்பதால் சின்னக் கல்லுக்குக்கூட நீளமாக நிழல் விழும். குழியைக் காட்டிக்கொடுப்பது அந்த நிழல்தான். காட்டுப் பாதையின் வளைவுகளில் தலை திரும்பும் பக்கமெல்லாம் வெளிச்சம் தேவை. அங்கே ஹெல்மெட்டில் இன்னொன்று மாட்டுங்கள். சாலைக்கு வந்ததும் அதை அணைத்துவிடுங்கள். நீங்கள் ஒருவரை நிமிர்ந்து பார்த்தாலே அவர் கண் கூசும்.

சாய்வைச் சரிபார்க்க ஒரு வழி: சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்துங்கள். வெளிச்சத்தின் நடுப்பகுதி, விளக்கு இருக்கும் உயரத்தில் பாதியில் விழ வேண்டும். அப்படி வைத்தால் சமதளத்தில் சுமார் 10 மீட்டர் முன்னால் தரையைத் தொடும். வேகமாக ஓட்டுபவர்கள் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் எதிரே வருபவரின் கண் மட்டத்துக்குப் போகவே கூடாது, இதில் நான் கண்டிப்பு. ஜெர்மனியின் சாலை விதிப்படி செய்த சைக்கிள் விளக்குகளில் ஒளியின் மேல் விளிம்பு கத்தரித்தது போல நின்றுவிடும். சாலையில் மட்டும் ஓட்டுபவர்களுக்கு என் முதல் தேர்வு அதுதான். பின்னால் சிவப்பு விளக்கு, பகலோ இரவோ, கட்டாயம்.

அப்புறம், பெட்டியில் எஃப்.எல்.1 என்ற தரக் குறி இருந்தால் அதன் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். அதில் சொல்லும் தூரம், ஒளி 0.25 லக்ஸாக (லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழும் ஒளியின் அளவு) குறையும் இடம் வரைக்கும். அது ஏறக்குறைய பௌர்ணமி நிலவொளிதான். எரியும் நேரம் என்பது வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகும் வரைக்கும். உச்ச வெளிச்சம் தரும் டர்போ நிலையோ சூடு ஏறியதும் சில நிமிடங்களில் தானே இறங்கிவிடும். எனவே நடுத்தர வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் என்று பார்த்து வாங்குங்கள்.

நடைப் பயணத்துக்கு நெற்றி விளக்கு போதும். கூடாரத்துக்குள் 10 லுமெனே தாராளம், பாதைக்கு 100 முதல் 200. வரைபடம் பார்க்க மங்கலான சிவப்பு ஒளி நல்லது. இருட்டுக்குப் பழகிய கண் அவ்வளவாகக் கெடாது. கண் முழுதாகப் பழக அரை மணி நேரமாவது ஆகுமே! மூடுபனியில் விளக்கைக் கழற்றி இடுப்பளவில் கையில் பிடியுங்கள், எதிரே நிற்கும் வெள்ளைத் திரை விலகும்.

குளிரில் பேட்டரியின் திறன் குறையும், உபரியை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். பைக்குள் போடும் முன், பொத்தான் அழுந்தி எரிந்துவிடாமல் தடுக்கும் விளக்கின் லாக்கையும் போட்டுவிடுங்கள்.